கொடி புதைத்த வளவு

2019 ஜனவரியில் பேத்தி பிறந்து பத்தாம் நாள், மருமகன் பிறப்புப் பதிவுத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு தன் வாப்பாவுக்குப் போன் எடுத்தார். “வாப்பா, நீங்க பொறந்தது நாப்பத்தொம்பதா, அம்பதா?” அந்தப் பக்கம் சம்பந்தி ஏதோ கணக்குப் பார்த்துச் சொன்னது என் காது வரை கேட்டது. எங்கள் நாட்டுப் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. பிள்ளையின் தகப்பனுடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருஷம், பிறந்த இடம். அது போதாவிட்டால் அவருக்கும் முந்தியவரைக் கேட்க இன்னொரு கட்டம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் வழியாகத்தான் ஒருவரை இந்த நாட்டவராக எண்ணியது. 2003இல் சட்டத்தைத் திருத்தித் தாயையும் சேர்த்தார்கள். கட்டங்கள் அப்படியே இருந்தன.

நான் குசினி வாசலில் நின்றேன். பிள்ளை என் வீட்டு நடு அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த வீட்டை எனக்குத் தந்தவர் உம்மா. அவவுக்கு இந்த வளவைக் கொடுத்தவர் மூத்தம்மா. நாளைக்கு இது என் மகளுடையது. இதில் ஒரு பெண்ணின் பெயரையும் அந்தத் தாள் கேட்கவில்லை, பெற்றவளைத் தவிர.

கல்முனைக்குடியில் பிறந்து, வளர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் கரையில், மருதமுனை தொடங்கி சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று தெற்கே போகும் ஊர்களில், கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் சீதனம். மூத்த மகளுக்கு இருக்கும் வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் இளைய பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் வேறொன்று கட்டிப் போவார்கள். அடுத்தவளுக்கு அதைக் கொடுப்பார்கள். ஒரே வளவில் அக்கா தங்கை எல்லோரும் வேலி பிரித்து இருப்பது இப்படித்தான். ஆகவே எங்கள் ஊரில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பேச்சே இல்லை. பிள்ளைத்தாய்ச்சி இருப்பதே தாய்வீட்டில்.

பிறக்கும் பிள்ளை தாயின் குடியைச் சேரும். குடி என்றால் தாய் வழியாக மட்டும் இறங்கி வரும் வம்சம். பணிக்கனா குடி, ஓடாவி குடி, லெவ்வை குடி என்று ஊருக்கு ஊர் பெயர்கள் உண்டு. சில பெயர்கள் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலும் அப்படியே இருக்கின்றன, முறையும் ஒன்றுதான். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. வாப்பாவின் பெயர் நம் பெயருக்கு முன்னால் எழுத்தாக நிற்கும், ஆனால் அவருடைய குடி நமக்கு வராது. 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி, தமிழரையும் சோனகராகிய எங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்த அமெரிக்கர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வெளியூர்ச் சோனகர் பலருக்கு நாங்கள் இப்படி இருப்பது இன்றைக்கும் புதினம்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். முக்குவர், திமிலர் என்ற இரண்டு சாதியாருக்குள் சண்டை நடந்ததாம். பட்டாணியர் என்ற முஸ்லிம் வியாபாரிகள் முக்குவர் பக்கம் நின்றார்களாம். வென்ற பிறகு என்ன வேண்டும் என்று கேட்க, அவர்கள் பொன்னும் காணியும் கேட்காமல் பெண் கேட்டார்களாம். ஏறாவூர்ப் பக்கத்தில் இந்தக் கதைக்கு இன்னும் உப்பும் புளியும் அதிகம். 1626 அளவில் போர்த்துக்கேயர் தென்மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களைத் துரத்த, கண்டி அரசன் செனரத் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது சரித்திர நூல்கள் சொல்லும் செய்தி. கதையோ சரித்திரமோ, ஆண்கள் வெளியிலிருந்து வந்தார்கள், பெண்கள் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. வந்தவர் எந்த வீட்டில் கால் வைத்தாரோ அந்த வீட்டுக்காரியின் பிள்ளைதான் பிறந்தது.

என் தம்பி பிறந்தது 1961இல், அம்பாறை மாவட்டம் என்று ஒன்றைப் புதிதாகப் பிரித்த வருஷம். அதுவரைக்கும் நாங்கள் மட்டக்களப்பு மாவட்டம். எனக்கு எட்டு வயது. சுபஹுக்கு முந்தியே உம்மாவுக்கு நோக்காடு வந்துவிட்டது. மூத்தம்மா என்னை எழுப்பி, “ஓடிப் போய் மாமியக் கூட்டிட்டு வா புள்ள” என்றா. எந்த மாமி என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கூப்பிடுகிற மாமி ஒருவர்தான், ஒஸ்தா மாமி. எங்கள் தெருவின் மருத்துவிச்சி.

வாப்பாவைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அந்த வீட்டில் பத்து வருஷம் இருந்தவர், ஆனாலும் அன்றைக்குப் போடியார் வீட்டு வாசலில் நிற்கும் வயல்காரனைப் போலத்தான் நின்றார். உள்ளே மூத்தம்மா, சாச்சி, பக்கத்து வளவுப் பெரியம்மா, ஒஸ்தா மாமி. கிடாரத்தில் தண்ணீர் கொதித்தது. பாயின் கீழே பாக்குவெட்டி. இரும்பு இருந்தால் கெட்டது அண்டாது என்பார்கள். என்னைக் கதவுக்கு வெளியே இருத்தி, உள்ளே எட்டிப் பார்த்தால் கண் போய்விடும் என்று சாச்சி வெருட்டினா. நான் பார்த்தேன். கண் இன்னும் இருக்கிறது.

பிள்ளை அழுததும் பெண்கள் குரவை விட்டார்கள். குரவை எங்கள் பக்கத்துப் பெண்களின் சத்தம். கலியாணத்துக்கும் சுன்னத்துக்கும் நாக்கை உருட்டி விடும் அந்த ஒலியைக் கொழும்புச் சொந்தக்காரர் முதல்முறை கேட்டால் திடுக்கிடுவார்கள். குரவை கேட்டதும் திண்ணையில் வாப்பா “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். ஆண்பிள்ளை என்று அவருக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷம் கழித்துத் தங்கை பிறந்தபோது குரவை கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு வாப்பா பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் மேசனோடு வந்து வளவின் கிழக்கு மூலையைக் காட்டி ஏதோ அளந்தார். பெண்பிள்ளை பிறந்தால் ஒரு வீடு பிறந்த மாதிரி என்பது எங்கள் ஊரில் வெறும் பேச்சு இல்லை, கல்லும் மண்ணும் கணக்குப் பார்க்கிற விஷயம். எண்பதுகளில் எத்தனையோ தாய்மார் சவூதிக்கும் குவைத்துக்கும் போய் வேறு வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். போனது தங்கள் மகளின் சுவருக்குக் கல் சேர்க்க.

பிள்ளையைத் துடைத்துச் சுற்றித் திண்ணைக்குக் கொண்டுவந்தா ஒஸ்தா மாமி. மூத்தாப்பா வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொன்னார். பிறகு லெவ்வை ஓதிக் கொடுத்த பேரீச்சம்பழத்தை மென்று, நாவில் கொஞ்சம் தடவினார்கள். உலகத்து முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொதுவான காரியம் அவ்வளவுதான். அது முடிய ஐந்து நிமிஷம் போகவில்லை. மிச்சம் நாற்பது நாளும் பெண்களுடையது.

முதல் காரியம் கொடி. இளங்கொடியைச் சட்டியில் போட்டு, மஞ்சளும் உப்பும் தூவி, மூத்தம்மாவே தென்னைக்குப் பக்கத்தில் ஆழமாகக் கிண்டிப் புதைத்தா. நாய் கிளறாமல் இருக்க மேலே கல் வைத்தா. உம்மாவின் கொடியும் அதே வளவில், என்னுடையதும் அதே வளவில். பிற்காலத்தில் காணிச் சண்டை ஒன்றில் என் பெரியம்மா தன் உறுதியை எடுத்து வரவில்லை. “என்ட கொடி புதைச்ச இடம் இது, எனக்கு உறுதி காட்டுறியா?” என்று எதிராளியைக் கேட்டா. எதிராளி சொந்தத் தங்கச்சி, அவவின் கொடியும் அங்கேதான் கிடந்தது. அதனால் வழக்கு நீண்டது.

பிறகு காயம். பிள்ளைப்பெத்தவளுக்குக் கொடுக்கும் அரைப்பு இது, பெருங்காயம் இல்லை. உள்ளி, மிளகு, வேர்க்கொம்பு, திப்பிலி, மஞ்சள், சீரகம், கொத்தமல்லி எல்லாம் அம்மியில் மை போல அரைபடும். அந்த அம்மிச் சத்தம் தெருவில் கேட்டால் எந்த வீட்டில் பிள்ளை என்று தெரிந்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் ஓர் உருண்டை, நல்லெண்ணெயில் தோய்த்து. சோற்றுக்குப் பால்சுறா, உள்ளி நிறையப் போட்டு. கடலில் சுறா படாத நாளில் கருவாடு. நொச்சியும் வேம்பும் பாவட்டையும் அவித்த தண்ணீரை ஒஸ்தா மாமி உம்மாவின் இடுப்பில் அடித்து ஊற்றுவா. உம்மா கத்துவா. “கத்துங்க கா, கத்துங்க, இப்ப கத்தினாத்தான் மறுகா நிமிந்து நடப்பீங்க” என்பா மாமி.

நாற்பது என்ற எண் எப்படி வந்தது என்று பிற்காலத்தில் ஒரு மௌலவியிடம் கேட்டேன். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் உதிரப்போக்குக்கு நிபாஸ் என்று பெயர், எங்கள் ஷாபி மத்ஹபில் அது சாதாரணமாக நாற்பது நாள், கூடினால் அறுபது என்றார். அப்படியானால் இருபதாம் நாள் நின்றவள்? அன்றைக்கே குளித்துத் தொழ வேண்டும் என்றார். எங்கள் ஊரில் அப்படி ஒருத்தியும் அறையை விட்டு வந்ததை நான் காணவில்லை. பக்கத்துத் தமிழ் ஊர்களில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பார்கள். எங்கள் பெண்கள் ஒன்பது நாள் கூட எடுத்துக்கொண்டார்கள். வீட்டு வேலை இல்லாமல் படுத்துக்கிடக்கக் கிடைத்த நாட்களை எந்தப் பெண்தான் கிதாபைக் காட்டிக் குறைத்துக்கொள்வாள்?

ஒஸ்தா மாமியைப் பற்றிக் கொஞ்சம் நேராகச் சொல்ல வேண்டும். உஸ்தாத் என்கிற சொல்லின் தேய்வுதான் ஒஸ்தா. கைதேர்ந்தவர் என்று பொருள். ஒஸ்தா வீட்டு ஆண்கள் முடி வெட்டுவார்கள், பையன்களுக்குச் சுன்னத்து வைப்பார்கள். பெண்கள் பிள்ளை பெறுவிப்பார்கள். மார்க்கத்தில் சாதி இல்லை என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வருகிறவர்கள்தான், ஒஸ்தா வீட்டில் பெண் எடுப்பதில்லை. மாமி என்று கூப்பிடுவோம். என் தம்பியை இந்த உலகத்தில் முதலில் தொட்ட கை அவவுடையது. ஆனால் நாற்பதாம் நாள் விருந்தில் அவ பாயின் ஓரத்தில்தான் இருந்தா. சகனைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் பிசைந்து தின்னும்போது, மாமிக்குத் தனிப் பீங்கானில் சோறு வந்தது. அது மரியாதை என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்தேன். கூலியாகப் பச்சை அரிசி, தேங்காய், ஒரு சேலை, வெற்றிலை வட்டாவில் வைத்த காசு.

பெண்பிள்ளை என்றால் நாற்பது கழிவதற்குள் மாமி இன்னொரு வேலைக்கும் வருவா. கதவு சாத்தியிருக்கும். ஆண்கள் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள், பெண்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பையனின் சுன்னத்துக்குப் பந்தல், குரவை, புதுச் சாரம். பெண்ணின் சுன்னத்துக்குச் சாத்திய கதவு. எனக்கு நடந்தது, என் மகளுக்கும் நடக்க விட்டேன். அது தடுக்கக் கூடியது என்றே அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. 2018இல் சுகாதார அமைச்சு, வைத்தியர்கள் இதைச் செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. அடுத்த வருஷம் பேத்தி பிறந்தபோது, “வேணாம்” என்று சொன்னது நான். மகள் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டிலிருந்து ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள்தான் முடி இறக்குவதும், ஊருக்குத் தெரியப் பேர் சொல்வதும். மவ்லிது ஓதி, சகன் வைத்து, வட்டிலப்பமும் கிண்ணத்தப்பமும் பங்கிடுவார்கள். இறக்கிய முடியைத் தட்டாரிடம் கொண்டுபோய் அதன் எடைக்கு வெள்ளி, அல்லது வெள்ளிக்கான காசு, ஏழைக்கு. பிள்ளை நேர்ச்சையில் பிறந்தது என்றால் முடி வீட்டில் இறங்காது. எங்கள் கடற்கரைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் உள்ள தர்ஹா அது. அங்கே அவருடைய கபுறு இல்லை, பெயர்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை கொடி ஏற்றிப் பன்னிரண்டு நாள் விழா. பிள்ளை இல்லாதவர்களுக்கு நாகூரார் வாங்கித் தருவார் என்ற நம்பிக்கை இரண்டு கரையிலும் ஒன்றுதான். எங்கள் வகுப்புப் பதிவேட்டில் ஒரு காலத்தில் எத்தனை மீரான், எத்தனை சாகுல் ஹமீது! அவர்களுக்குப் பக்கத்தில் ஆதம்லெவ்வை, மீராலெவ்வை, சீனித்தம்பி, முத்தும்மா, பொன்னும்மா. நான் ஓய்வு பெறும்போது அந்தப் பெயர் ஒன்றும் பதிவேட்டில் மிஞ்சவில்லை. எல்லாம் தனி அறபுப் பெயர்களாகிவிட்டன, ஒரு வகுப்பில் நாலு பிள்ளைக்கு ஒரே பெயர்.

எழுபதுகளிலிருந்து மெல்ல மெல்ல, பிறகு வேகமாக, மார்க்கம் திருத்துவோர் வந்தார்கள். மவ்லிது பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை), கொடியேற்றம் ஷிர்க் (இணைவைப்பு), நாற்பது ஆதாரமில்லாதது. ஏழாம் நாளில் அகீகா கொடுங்கள் என்றார்கள். ஆணுக்கு இரண்டு ஆடு, பெண்ணுக்கு ஒன்று. அகீகா நபிவழி, அதில் எனக்கு மறுப்பில்லை. நான் கவனித்தது வேறு. ஏழாம் நாள் பெற்றவள் இன்னும் எழும்பி நடக்கத் தொடங்கவில்லை. ஆட்டை வாங்குவது, அறுப்பது, பங்கிடுவது எல்லாம் ஆண்கள். பெண்களின் நாற்பதாம் நாள், ஆண்களின் ஏழாம் நாளாக மாறியது.

மருத்துவிச்சியின் கை ஓய்ந்தது அதற்கும் முந்திய கதை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, படித்த மிட்வைப்மார் வீடு வீடாகப் போகும் முறை வந்தது. எங்கள் கரைக்கு அது வந்துசேர நாளெடுத்தது. ஆனால் வந்தபின் நிலைத்துவிட்டது. எழுபதுகளில் கிளினிக்கில் திரிபோஷ சத்துமா பக்கற் கொடுக்கத் தொடங்க, கூப்பிடாமலே பெண்கள் போனார்கள். இன்றைக்கு வீட்டில் பிள்ளை பெறுகிற தாயை இந்த ஊரில் தேடினாலும் கிடைக்காது. அதைக் குறை சொல்ல மாட்டேன். என் உம்மாவின் இரண்டு பிள்ளைகள் நாற்பது காணாமல் போனவர்கள். அவர்களுக்கு ஆஸ்பத்திரி இருந்திருந்தால் எனக்கு இன்னும் இரண்டு உடன்பிறப்பு.

குடியும் இப்படித்தான் தேய்ந்தது. பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருந்து, கந்தூரிச் சோறு முதல் கலியாணப் பேச்சு வரை குடி பார்த்து நடத்தினார்கள். 1956ஆம் ஆண்டு வக்பு சட்டம் வந்து நம்பிக்கையாளர் சபைகளைக் கொழும்பில் பதியும்படி ஆக்கியதும் மரைக்காரின் கை தளர்ந்தது. பிறகு 2004 டிசம்பர் 26. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் சுனாமியில் ஒரே காலைக்குள் இல்லாமல் போயின. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள். சின்னச் சின்னப் பெண் வளவுகள் நிறைந்த இடம் அதுதான். வேறிடத்தில் கட்டிக் கொடுத்த வீடுகளின் உறுதியைப் பல இடங்களில் “குடும்பத் தலைவர்” பெயரில் எழுதினார்கள். மூன்று தலைமுறை தாயிடமிருந்து மகளுக்குப் போன வீடு, ஒரு பேனைக் கோட்டில் மாப்பிள்ளையுடையதாயிற்று.

அந்த நாட்களில்தான் கல்முனை ஆஸ்பத்திரிக்கு யாருடையது என்று தெரியாத ஒரு கைக்குழந்தை வந்தது. அன்றைக்குச் சேர்ந்தவர்களில் 81ஆவது ஆள் என்பதால் ‘பேபி 81’ என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஒன்பது தாய்மார் உரிமை கோரினார்கள் என்றும் எழுதினார்கள், அது ஊதிப் பெருக்கியது என்று பிறகு தெரிந்தது. நீதிமன்றம் மரபணுச் சோதனை கேட்டு, 2005 பெப்ரவரியில்தான் பிள்ளை பெற்றவர் கைக்குப் போனது. அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த என் உம்மா கேட்டது இது: “அந்தப் புள்ளயப் புடிச்ச மருத்துவிச்சி எங்கயாம்?” மாமியைக் கேட்டால், தெருவில் ஓடும் எந்தப் பிள்ளையின் முதுகில் எந்த மச்சம் என்று சொல்லியிருப்பா.

பேத்தியின் கொடியை ஆஸ்பத்திரியில் நான் கேட்டேன். மிஸ்ஸி பிள்ளை சிரித்துவிட்டு, “அதெல்லாம் தாறல்ல உம்மா” என்றாள். பாங்கை மருமகன் வார்ட்டுக்கு வெளியே நின்று சொன்னார். ஏழாம் நாள் ஓர் ஆடு, முடியும் அன்றைக்கே. முடியைக் கடிதாசியில் மடித்து நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் ஒருவன் மின்தராசில் வைத்தான், எண் ஓடி ஒரு கிராமுக்குக் கீழே நின்றது. வெள்ளி விலைக்குக் கணக்குப் போட்டால் ஒரு தேங்காய் கூட வராது. நான் ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்தேன்.

பச்சை அரிசியும் தேங்காயும் ஒரு சேலையும் தனியே எடுத்து வைத்திருந்தேன், மாமியின் பங்கு. மாமி மௌத்தாகி வருஷம் இருபது. அவவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதே ஒழுங்கைதான், இப்போது இரண்டு மாடி. பேரன் கட்டாரில். பேத்தி என்னிடம் படித்தவள், இப்போது வங்கியில் வேலை. என்னைக் கண்டதும் “டீச்சர்!” என்று ஓடி வந்து கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தாள். அரிசிப் பை காலடியில் இருந்தது. இதை என்ன சொல்லிக் கொடுப்பது? உன் மூத்தம்மாவுக்கு எங்கள் வீட்டில் தனிப் பீங்கானில் சோறு வைத்த கணக்கு என்றா? பிள்ளையின் படத்தைப் போனில் காட்டினேன். மாமியின் பேத்தி அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, “டீச்சர்ட மூக்கு” என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அரிசி கொஞ்ச நாள் குசினியில் இருந்தது, பிறகு ஆக்கித் தின்றோம். சேலை அலுமாரியில்.